கண்ணுக்குத் தெரியாத ஆணி

கடலிற் செல்லும் பாய்க்கப்பலைக் காணும்போது நம் கண்ணை முதலிற் கவர்வது யாது? காற்றை வாங்கிப் புடைத்து நிற்கும் பாய். அதற்கு அடுத்தபடியாக, வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் பாய்மரம். அதன்பின், நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் அணியம். ஓவியர் தீட்டுவன இவை. கவிஞர் பாடுவனவும் இவையே. ஆனால் இவையெல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவை வேறு சில பொருள்கள். ஆணிகள், திருகாணிகள், உலோகப் பட்டைகள், வளையங்கள், கீல்கள், வால்வுகள் ஆகியவையே அவை. தேருக்குக் கடையாணி எத்தகையதோ, பாய்க்கப்பலுக்கு இவை அத்தகையவை. வயது முதிர்ந்த ஒரு பாய்ப்படகில் இவ்வுலோக உறுப்புகள் எவ்வாறு கெடுகின்றன, அவற்றை எவ்வாறு சோதித்துச் செப்பனிட்டு மீண்டும் பொருத்துகிறார்கள் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

"நாங்கள் படகு ஓட்டப் போவதில்லையே, இதைத் தெரிந்து எங்களுக்கு ஆவதென்ன?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நான் பல ஆண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவன். மின்கலம் என்னும் பாடத்தை நான்கு பக்கங்களிற் படித்து, தேர்வில் எழுதி, அடுத்த நாளே மறந்துவிடும் மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கச் செய்திதான் நடுக்கடலில் ஒரு மனிதனுடைய வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது. இதை உணர்ந்தால் பாடமும் மறவாது. பொருள்களைப் பேணும் முறையும் விளங்கும்.

முதலில் ஒரு படகின் வரலாற்றைக் கேளுங்கள். அதன் பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவில் அராபிய மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் பெயர் அது. இப்படகு கட்டப்பெற்ற இடம் நம் நாட்டுப் பம்பாய் நகரம். இன்று நாம் மும்பை என்று அழைக்கும் ஊர். தேக்கினால் இழைத்து, 1964-ஆம் ஆண்டில் நீரில் இறக்கினார்கள். நீளம் ஏறத்தாழ 32 அடி, பாய்மரம் இரண்டு. இதன் சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். வாணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் அவர் இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து தனி ஒருவராகப் புறப்பட்டார். எந்தத் துறையிலும் தங்காமல், எவருடைய உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின், 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அதே துறைமுகத்துக்கு மீண்டார். அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. அப்போட்டியில் இறங்கியவர் ஒன்பது பேர்; முடித்தவர் இவர் ஒருவர்.

அப்பயணத்தின் தொடக்கத்திலேயே, அட்லாண்டிக் பெருங்கடலில், படகின் அடியில் நீர் கசியத் தொடங்கிற்று. நாள்தோறும் இறைக்க வேண்டியதாயிற்று. கடல் அமைதியான ஒரு நாளில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் நீரில் மூழ்கிப் பார்த்தார். அடிப்பகுதியில், இரண்டு பலகைகள் சேரும் மூட்டு நெடுகிலும் சில அடி நீளத்துக்கு இடைவெளி கண்டிருந்தது. பலகை எதுவும் உடையவில்லை, மூட்டுத்தான் விட்டிருந்தது. தூத்துக்குடித் தோணி கட்டுவோர் ‘கலப்பத்து’ என்று ஒரு வேலையைச் சொல்வார்கள்; பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துத் திணிக்கும் வேலை அது. அந்த வேலையை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்கடியிற் செய்தார். பஞ்சைத் திணித்து, அதன்மேற் கித்தான் பட்டையைச் செப்பாணிகளால் தைத்து, அதற்கும் மேலே செப்புத் தகட்டை அறைந்தார். நடுவில் ஒரு சுறாமீன் சுற்றி வரவே, மேலேறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு மீண்டும் இறங்கினார். பின்னர்ப் பயணத்தில் பாயின் அடிக்கழியைப் பாய்மரத்தோடு சேர்க்கும் கீல் உடைந்தது. தானே படகைத் திசை நிறுத்தும் கருவியும் கெட்டது. தேக்குப் பலகை உலகையே சுற்றி வரத் தாங்கிற்று. தொல்லை கொடுத்தவை ஒன்றோடொன்று சேரும் இடங்களே.

இதை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். எந்தப் பழைய படகிலும் அபாயம் முதலில் நுழையும் வாயில் மூட்டே. மரமும் மரமும் சேரும் இடம், மரமும் உலோகமும் சேரும் இடம், உலோகமும் உலோகமும் சேரும் இடம் ஆகிய இம்மூன்றுமே சோதனைக்குரியவை. இவற்றுள் மூன்றாவது இடத்தில்தான் நம் மின்கலப் பாடம் தொடங்குகிறது.

ஆயிரம் பங்கு கடல் நீரில் ஏறக்குறைய 35 பங்கு உப்பு இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் இருந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலம் தானாகவே அமைந்துவிடுகிறது. அதில் ஓர் உலோகம் கரைந்துகொண்டே போகும்; மற்றொன்று பிழைத்துக்கொள்ளும். கரைவது எது, பிழைப்பது எது? இதற்கு ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். எந்த இரண்டைச் சேர்த்தாலும், வரிசையில் முன்னே நிற்பது பின்னே நிற்பதற்காகத் தன்னை இழக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகுந்தால் அழிவும் பெரும்பாலும் மிகுதியாகும்.

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் உப்பு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் வெறும் இரும்பாணியை இடுங்கள். இரண்டாவதில் செப்புக் கம்பி சுற்றிய இரும்பாணியையும், மூன்றாவதில் துத்தநாகத் தகடு சுற்றிய இரும்பாணியையும் இடுங்கள். ஆணிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின்பே இடவேண்டும். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், செம்பு சுற்றிய ஆணி வெறும் ஆணியைவிட மிகுதியாகத் துருவேறியிருக்கும். துத்தநாகம் சுற்றிய ஆணி பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருக்கும். தகட்டின்மேல் மட்டும் வெண்பொடி படிந்திருக்கும். இச்சோதனைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். ஆனால் இதன் உண்மையை அறிவதற்கு ஒரு நாட்டின் கடற்படை பெரும்பொருள் செலவிட நேர்ந்தது.

அந்த வரலாறு இது. 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையினர் அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செப்புத் தகட்டால் போர்த்தினர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவையும், அடியில் ஒட்டி வளரும் பாசியையும் சிப்பியையும் தடுப்பதே நோக்கம். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியபின், 1763-இல் அதைச் சோதித்தார்கள். செம்பு நன்றாகவே இருந்தது, புழுவும் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துத் தின்னப்பட்டிருந்தன. சில ஆணிகள் மட்டும் கேடின்றி இருந்தன. ஏனென்று ஆராய்ந்தபோது, செப்புத் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாமல், இரும்புக்கும் செம்புக்கும் நடுவே தங்கியிருந்ததைக் கண்டார்கள். ஒரு துண்டுக் காகிதம் ஆணியைக் காத்தது! வோல்ட்டா தம் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தது 1800-ஆம் ஆண்டில். ஆகவே, காரணம் விளங்குவதற்கு முன்பே காரியம் கண்ணெதிரே நடந்துவிட்டது.

பின்னர் 1824-ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி இதையே பயன்படுத்திச் செம்பைக் காக்க முயன்றார். செப்புத் தகட்டோடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து வைத்தால், அத்துண்டு கரையும். செம்பு கரையாது என்று காட்டினார். சோதனை பலித்தது, ஆனால் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நச்சாவதால்தான் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை செழித்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. ஆகவே கடற்படை அம்முறையைக் கைவிட்டது. எனினும் டேவியின் கருத்து அழியவில்லை. இன்றும் படகின் உலோக உறுப்புகளோடு துத்தநாகக் கட்டிகளை இணைத்து வைக்கிறார்கள். பிறவற்றுக்காகத் தம்மைப் பலி கொடுக்கும் கட்டிகள் அவை. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அவற்றின்மேல் வர்ணம் பூசலாகாது. மரப்படகில் துத்தநாகத்தை அளவுக்கு மீறி வைப்பதும் தவறு. காக்கப்படும் உலோகத்தைச் சுற்றி அப்போது காரப்பொருள் உண்டாகி, மரத்தை மெல்ல மெல்ல நைந்துபோகச் செய்யும்.

இனி, ஒவ்வோர் உலோகமும் முதுமையில் எவ்வாறு ஏமாற்றுகிறது என்று காண்போம்.

இரும்பு துருப்பிடிக்கும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரத்துக்குள் இருக்கும் இரும்பாணி துருவேறிப் பருத்தால், சுற்றியுள்ள மரத்தை நெருக்கிப் பிளக்கும். இன்னொரு விந்தையும் உண்டு. இரண்டு மரங்களைத் துளைத்துச் செல்லும் நீண்ட மரையாணியின் தலையும் நுனியும் நன்றாகவே காணப்படும். அம்மரங்கள் சேரும் நடுவிடத்தில் மட்டும் நீர் தேங்கி, ஆணி இடை மெலிந்து, பென்சில் போல் ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் அதை அறியமாட்டார். படகின் அடியில் ஏராவைத் தாங்கும் பெரிய ஆணிகளுக்கு இது மிகுதியும் பொருந்தும். ஆகவே பழைய படகில் இரண்டொன்றையாவது முழுவதும் கழற்றி வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அவை மெலிந்திருந்தால் எஞ்சியவற்றையும் ஐயுற வேண்டும்.

பித்தளை வேறு விதமாக ஏமாற்றும். அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடல் நீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு செம்பை விட்டுவைக்கும். வடிவம் மாறாது, வலிமை மட்டும் போய்விடும். அதன் உள்ளே கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்திருக்கும். சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்கு மாறாக இளஞ்சிவப்பு நிறம் தெரியும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீரென்ற ஒலி எழாது. படகின் அடியில் நீர் உள்ளே வரும் குழாய்களுக்கு வால்வுகள் உண்டு. அவை பித்தளையால் ஆனவையாயின், ஒருநாள் கைப்பிடியைத் திருகும்போதே ஒடிந்து, கடலை உள்ளே விட்டுவிடும். ஆதலால் அங்கே நல்ல வெண்கலமே வேண்டும். மாங்கனீஸ் வெண்கலம் என்று பெயர் பெற்றதொன்று உண்டு. பெயரில் வெண்கலமாயினும், அதில் துத்தநாகமே பெரும்பங்கு கலந்திருப்பதால், உண்மையில் அது பித்தளை இனத்தைச் சேர்ந்தது. பெயரை நம்பிப் பொருளை வாங்குவோர் இதைக் கருதவேண்டும்.

எவர்சில்வர் எனப்படும் துருப்பிடியா எஃகுதான் மூவரிலும் பெரிய மாயக்காரன். நம் சமையலறைத் தம்ளர் என்றும் பளபளப்பதைக் காண்கிறோம். அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய தோலை அதன்மேல் உண்டாக்குகிறது. அத்தோல் கீறப்பட்டால் உடனே வளர்ந்துவிடும். ஆனால் அது வளரப் பிராணவாயு வேண்டும். படகின் தளத்தைத் துளைத்துச் செல்லும் எவர்சில்வர்ப் பட்டை, மரத்துக்குள்ளும் மெழுகுப் பசைக்குள்ளும் மறைந்திருக்கும் இடத்தில் உப்பு நீர் மட்டும் புகுகிறது, காற்று புகுவதில்லை. தோல் அழிந்தால் மீண்டும் வளர வழியில்லை. வெளியே கண்ணாடிபோல் மின்னும் பட்டை, உள்ளே வெடிப்பும் குழியுமாக இருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் வடங்களைப் படகின் பக்கத்தோடு பிணைப்பவை இத்தகைய பட்டைகளே. அவற்றுள் ஒன்று அறுந்தால் வடம் தளரும். வடம் தளர்ந்தால் பாய்மரம் சாயும். கரையில் நிற்கும் படகில் இது பொருள் நட்டம். ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியே செல்பவனுக்கோ உயிரைப் பற்றிய செய்தி.

நோயை அறிந்தோம், இனி மருத்துவ முறையைக் காண்போம். பழைய படகைச் செப்பனிடப் புகும் நல்ல தொழிலாளி முதலிற் கையில் எடுப்பது சுத்தியலன்று, பென்சில். படகின் படத்தை வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எண் இடுவான். கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் ஆணி, வாஷர் ஆகியவற்றோடு தனிப்பையில் இட்டு எண்ணை எழுதுவான். வரிசையையும் அவனே வகுத்துக்கொள்வான். நீருக்குக் கீழே உள்ளவை முதலில். ஏனெனில் அவை கெட்டால் படகு மூழ்கும். பாய்மரத்தைத் தாங்குபவை இரண்டாவது. தளத்தின் மேலுள்ள கொக்கி, வளையம் முதலியவை மூன்றாவது. கண்ணுக்கு அழகு தருபவை கடைசி. அனுபவமில்லாதவர் பெரும்பாலும் கடைசியில் உள்ளதை முதலிற் செய்து, பித்தளையைத் துலக்கி மகிழ்வார்கள்.

இறுகிப்போன ஆணியை வலிந்து பிடுங்கலாகாது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சிறிது சூடுகாட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக இம்மி திருகி, பின்னர்த் தளர்த்தும் பக்கமாகத் திருகினால் பிடி விடும். கழற்றிய உறுப்பைத் துடைத்து உருப்பெருக்கியாற் பார்க்க வேண்டும். மிக நுண்ணிய வெடிப்புகளைக் காணச் சாயம் பூசும் முறை ஒன்று உண்டு. ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சை அதன்மேல் தெளித்தால், வெடிப்பு இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு தோன்றும். கம்பி வடங்களின்மேல் பஞ்சுத் துணியை மெல்ல ஓட்ட வேண்டும். அறுந்த இழை ஒன்று இருந்தாலும் துணியைப் பற்றி இழுக்கும். வெறுங்கையை ஓட்டுபவன் இரத்தத்தால் அதை அறிவான்!

பிறகு, ஆணி இருந்த துளையைக் கவனிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். துளையின் வழியே கசிந்த நீர் சுற்றிலுமுள்ள மரத்தை உளுக்கச் செய்திருந்தால், புதிய ஆணியும் சேற்றில் நட்ட கம்பமே. உளுத்ததைச் செதுக்கி எடுத்து, மரம் நன்றாகக் காய்ந்தபின் நல்ல மரமோ எப்பாக்சிப் பசையோ கொண்டு நிரப்பி, புதிதாகத் துளையிட வேண்டும். உறுப்பின் அடியிலும் ஆணியின் கழுத்திலும் நீர் புகாத மெழுகுப் பசையைத் தடவ வேண்டும். தளத்தின் கீழே அகலமான உலோகத் தகட்டை வைத்தால், இழுக்கும் விசை ஒரே புள்ளியில் விழாமல் பரவும். இறுக்கும்போது மேலேயுள்ள தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழேயுள்ள மரையை மட்டும் திருக வேண்டும். தலை சுழன்றால் பசையின் பிடி அறுந்துவிடும். முதல் நாளே முழுவதும் இறுக்கிப் பசையெல்லாம் பிதுங்கும்படி செய்துவிட்டால், நீரைத் தடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

புதிய உறுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் விவேகம் வேண்டும். பழையது உடைந்ததென்று இரு மடங்கு பருமனுள்ளதைப் பொருத்தினால் தொல்லை தீர்ந்ததென்று எண்ணலாம். ஆனால் காற்றின் விசை எங்கும் போய்விடுவதில்லை. அது அடுத்துள்ள வலிமை குறைந்த உறுப்பைத் தேடிச் செல்லும். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்குவதால் சங்கிலி வலிமை பெறுமா? ஆகவே எப்போதும் தொடர்பு முழுவதையும் நோக்க வேண்டும். அதுபோன்றே உலோகத்தின் இனத்தையும் நோக்க வேண்டும். பெரிய செப்புத் தகட்டில் சிறிய இரும்பாணியை அறைந்தால், அழிவு முழுதும் அந்தச் சிறு ஆணியின்மேற் குவிந்து விரைவில் தீர்த்துவிடும். பெரிய இரும்புத் தகட்டில் சிறிய செப்பாணி இருந்தால் அழிவு பரந்து மெல்ல நடக்கும். வேறு வழியின்றி இரண்டு இனங்களைச் சேர்க்க நேர்ந்தால், நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்துப் பிரிக்க வேண்டும். 1763-இல் பழுப்புக் காகிதம் சொல்லிக்கொடுத்த பாடம் இதுவே.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்னும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அதனுள்ளே ஒரு பக்கமாகமட்டும் சுழலவிடும் சிறு தடைநாக்குகளும் அவற்றைத் தள்ளும் வில்களும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரித்து மண்ணெண்ணெயிற் கழுவ வேண்டும். பல்சக்கரங்களுக்குக் கிரீசு இடலாம். தடைநாக்குகளுக்கோ மெல்லிய எண்ணெய் ஒரு துளியே போதும். அங்கேயும் கிரீசை அப்பினால் நாக்குகள் ஒட்டிக்கொண்டு எழாது. அப்போது இழுவையில் இருக்கும் கைப்பிடி திடீரெனப் பின்னோக்கிச் சுழன்று, பிடித்தவன் கையை ஒடித்துவிடும். மிகுதியான அன்பும் தீங்காவதுண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இப்போது சுஹைலிக்குத் திரும்புவோம். உலகம் சுற்றிய அப்படகைப் பெருமையுடன் கிரீனிச் நகரிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மழையில்லை, வெயிலில்லை, அலையில்லை. ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து கட்டுப்படுத்திய கூடம். பழம்பொருளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டோ? ஆனால் அங்கேதான் அதற்குக் கேடு வந்தது. அந்த வறண்ட காற்றில் தேக்குப் பலகைகள் உலர்ந்து சுருங்கத் தொடங்கின. மரப்படகின் பலகை, நீரில் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்படி அமைந்தது. உலர்ந்தால் இடுக்கு விரியும். இடுக்கு விரிந்தால் ஆணியின் பிடியும் தளரும். ஆகவே 2002-ஆம் ஆண்டில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் படகை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து செப்பனிடலானார். தாம் புறப்பட்ட நாளின் 50-ஆம் ஆண்டு நிறைவாகிய 2018-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், அதே பால்மத் கடலில் சுஹைலி பாய் விரித்துச் சென்றது.

இச்செய்தியைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்கள் நினைவுக்கு வந்தன. மாணவர் தொட்டால் கெட்டுவிடும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிய தராசுகள், ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது கத்திமுனை துருவேறி அசையாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். நாள்தோறும் மாணவர் கையாண்டு, துடைத்து, சரிபார்த்து வைத்த தராசுகள் முப்பது ஆண்டுகள் உழைத்ததையும் கண்டிருக்கிறேன். பயன்படுத்துபவனுக்குத்தான் பழுது உடனே தெரியும். நேற்று மெல்லத் திரும்பிய வால்வு இன்று சற்று முரண்டு பிடிப்பதை அவன் கை அறியும். தொடாமல் வைத்திருப்பது பாதுகாத்தலாகாது. தொட்டு, கழற்றி, பார்த்து, மீண்டும் பொருத்துவதே பாதுகாத்தல்.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணத்தை நினைவுகூர்ந்து 2018-இலும் 2022-இலும் தனியாக உலகைச் சுற்றும் போட்டிகள் நடைபெற்றன. 1988-ஆம் ஆண்டுக்கு முன் வகுத்த பழைய அமைப்பிலான படகுகளே அவற்றில் கலந்துகொள்ளலாம். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டாமி 2018-இல் சுஹைலியின் அமைப்பிலேயே கோவாவிற் கட்டிய துரியா என்னும் படகிற் சென்றார். தென்னிந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது, பாய்மரங்கள் முறிந்தன, முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தவரைச் சில நாட்களுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அவர் மனம் தளரவில்லை. 2022-இல் மீண்டும் புறப்பட்டு, 236 நாட்களில் உலகைச் சுற்றி, 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் இடம் பெற்றார். அப்பயணத்தில் காற்றால் இயங்கும் திசைக்கருவி பழுதானபோது, படகின் கழிப்பறைக் கதவையே அறுத்து அதற்கு உறுப்புச் செய்துகொண்டார். தம் படகின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது, எதைத் தாங்குகிறது என்று அறிந்தவருக்கே இத்தகைய உபாயம் தோன்றும். கடையில் வாங்கிப் பொருத்திவிட்டு மறந்தவருக்குத் தோன்றாது.

மாணவ நண்பர்களே, நம் வீட்டுச் சைக்கிளிலும், கிணற்று மோட்டாரிலும், மேல்நிலைத் தொட்டியின் குழாயிலும், பள்ளிக் கட்டடத்தின் சாளரக் கீலிலும் இதே ஆணிகள், இதே உலோகங்கள் இருக்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பழைய பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தோடு இணைந்ததாயின் பெரியவர் துணையின்றித் தொடவேண்டாம். படம் வரைந்து, எண் இட்டு, ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி, மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள். கெட்டதை மாற்றி, பசையோ எண்ணெயோ இட்டு, பழையபடி பொருத்துங்கள். செய்ததைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பேடு உங்களுக்கு ஆசிரியராக இருக்கும்.

பளபளக்கும் பக்கத்தைப் பார்ப்பது எளிது. பாரத்தைத் தாங்குவதோ மறைந்திருக்கும் பக்கம். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கும் பழக்கம் உடையவரை நம்பித்தான் பிறர் கடலிற் செல்ல முடியும்.